ஆக்சில் நட்டும் ஐந்தருவி இறக்கமும்

நம்ம ஊர்ல சாரல் ஆரம்பிச்சா வெளியூர் நண்பர்கள் எல்லாருக்கும் நம்ம நெனப்பு வந்துரும். "குத்தாலத்துல தண்ணி விழுதா?" இதுதான் முதல் கேள்வி. இப்ப ரெண்டு மூணு வருஷமா கூடவே இன்னொரு கேள்வியும் சேந்துக்கிச்சு. "நீ எலக்ட்ரிக் பைக் வச்சிருக்கியாமே, அதுக்கு மெயின்டனன்ஸே கிடையாதாமே?" கேக்கறவங்க கொஞ்சம் இளவட்டமா இருந்தா, "கன்ட்ரோலர மாத்தினா எவ்வளவு ஸ்பீடு வரும்?"னு குரலைத் தாழ்த்திக் கேப்பாங்க.

இந்தக் கடைசிக் கேள்விக்கான பதில் என் பொண்ணோட இடது முழங்கைல ஒரு தழும்பா இருக்கு. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா ஒரே பதிவா போட்டுரலாம்னுதான் இது.

டிஸ்கி: எந்தக் கம்பெனி பேரும் இதுல வராது. தப்பு மொத்தமும் அடியேனுடையது :-)

கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுக்கறேன். 2021 ஜூலைல சென்னைல பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயத் தாண்டுச்சே, ஞாபகம் இருக்கா? அந்தச் சூட்டோட சூடா நான் வாங்கினதுதான் முதல் எலக்ட்ரிக் ஸ்கூட்டர். 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகம். அந்த அளவுக்குள்ள இருக்கற வண்டிய சட்டம் மோட்டார் வாகனமாவே எடுத்துக்கறதில்ல. நம்பர் பிளேட் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். தங்கமணி காய்கறி வாங்கப் போக, பொண்ணை டியூஷன்ல விட, சொகமா ஓடிச்சு. கோபுரத்துல இருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போறதுக்கு 25 ஸ்பீடு எதேஷ்டம்.

பிரச்சினை குத்தாலத்துல ஆரம்பிச்சுது. தென்காசில இருந்து பேரருவி வரைக்கும் முக்கி முனகியாவது போயிரும். அங்க இருந்து ஐந்தருவி ஏறணும்னா, பின்னால பொண்ணு உக்காந்திருந்தா, வண்டி நடக்கற வேகத்துக்கு வந்துரும். ஒரு தடவை பக்கத்துல நடந்து போன ஒரு பெரியவர், "தம்பி, இறங்கித் தள்ளுறீங்களா?"ன்னு உண்மையான அக்கறையோட கேட்டார். மானம் போச்சு.

கணக்கு போட்டுப் பாத்தேன். வண்டியும் நாங்க ரெண்டு பேருமா சுமார் 200 கிலோ. நூறு மீட்டர் தூரத்துக்கு ஆறு மீட்டர் ஏத்தம்னு வச்சுக்கிட்டா, அதுல 25 வேகத்துல ஏற கிட்டத்தட்ட 1000 வாட் வேணும். கைல இருக்கறது 250. மிச்சம் 750க்கு எங்க போறது?

எங்க போறதா... இன்டர்நெட்டுக்குத்தான்! வீலுக்குள்ளயே உக்காந்திருக்கற ஹப் மோட்டார், 1500 வாட். அதுக்கு 40 ஆம்பியர் கன்ட்ரோலர். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 20 செல் வரிசையா, 64 வோல்ட். எல்லாத்தையும் வெளியூர்ல இருந்து பார்சல்ல வரவழைச்சேன். 64ஐ 40ஆல பெருக்கிப் பாருங்க, 2500 வாட்டத் தாண்டிரும். 250 வாட்டுக்குச் செஞ்ச ஃபிரேம்ல பத்து மடங்கு! 2022ல ஒரு மாசம் ஞாயித்துக்கிழமை எல்லாம் நான் மொட்டை மாடிலதான் கிடந்தேன். மோட்டார்ல இருந்து வர்ற மூணு தடி வயர், அஞ்சு பொடி வயர், எது எதோட சேரணும்னு பாத்துப் பாத்து, சக்கரம் தலைகீழா சுத்தி, திரும்ப மாத்தி... தங்கமணி சாப்பாட்ட மாடிக்கே அனுப்பிட்டாங்க.

ஒரே ஒரு வேலைக்கு மட்டும் வெளிய போனேன். புது மோட்டாரோட ஆக்சில் பழைய ஃபிரேம்ல உக்காரல, பள்ளத்தக் கொஞ்சம் அகலமாக்கணும். லேத் பட்டறை அண்ணாச்சி ராவிக் கொடுத்தார். கொடுத்துட்டு ஆக்சிலக் கைல எடுத்து உருட்டிப் பாத்தார்.

"தம்பி, இது சக்கரத்தோட சுத்தாத ஆக்சிலா?"

"ஆமா அண்ணாச்சி. ஆக்சில் அப்படியே நிக்கும், சக்கரம் மட்டும் சுத்தும்."

"அப்ப சக்கரம் முன்னால போகப் போக, இது பின்னால திரும்பப் பாக்கும்லா? வெறும் நட்டு மட்டும் புடிச்சுக்கிட்டு இருந்தா பத்தாது. எட்டு எம்.எம். பிளேட்ல ஒரு புடி வெட்டித் தாரேன், ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

ரெண்டு நாள் யாரு காத்திருக்கறது? அன்னைக்குச் சாயங்காலமே மாட்டி ஓட்டிட்டேன். 55 போச்சு! ஐந்தருவி ஏத்தத்துல கார்கள முந்திப் போனேன். அந்தப் பெரியவர் எங்கயாவது நிக்கறாரான்னு தேடிக்கூடப் பாத்தேன் :-)

உண்மையச் சொல்லணும், அந்த ஒரு வருஷம் சந்தோஷமா இருந்துச்சு. சத்தமே இல்லாம, தூறல்ல, இலஞ்சி வயல் ஓரமா காலைல போற சொகம் இருக்கே, அதை எழுத எனக்கு வராது.

ஆனா ஓட்ட ஓட்ட ஒண்ணு உறைச்சுது. வண்டி நிக்க மாட்டேங்குது! மோட்டாரத்தான் மாத்தினேன், பிரேக்க மாத்தல. அது 25 வேகத்துக்குச் செஞ்ச சின்ன டிரம் பிரேக். வேகம் 25ல இருந்து 55 ஆனா, நிறுத்த வேண்டிய சக்தி ரெண்டு மடங்கு இல்லீங்க, கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. வேகத்தோட வர்க்கம் அது. பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். இறக்கத்துல ஷூ தேயற வாடையே வந்துச்சு.

இதுக்கும் நம்மகிட்ட ஒரு குறுக்கு வழி. கன்ட்ரோலர்ல ஒரு வயரச் சேத்தா 'ரீஜென்' வரும். பிரேக் பிடிச்சதும் மோட்டாரே ஜெனரேட்டர் ஆகி, வண்டிய இழுத்துப் பிடிக்கும், கொஞ்சம் கரன்ட்டும் பேட்டரிக்குத் திரும்பும். சேத்தேன். பிரமாதமா பிடிச்சுது. இறக்கத்துல சார்ஜ் ஏறுதேன்னு பெருமை வேற. பாக்கறவங்க கிட்ட எல்லாம், "குத்தாலம் மலையே எனக்குச் சார்ஜ் போடுது"ன்னு பீத்திக்கிட்டேன்.

அங்க என்ன நடந்துச்சுன்னு அப்ப எனக்குப் புரியல. ஆக்சிலேட்டர் கொடுத்தா ஆக்சில் ஒரு பக்கம் திரும்பப் பாக்கும். ரீஜென் பிடிச்சா மறுபக்கம் திரும்பப் பாக்கும். ஒரு தடவை ஐந்தருவி போய்ட்டு வந்தா நூறு தடவை இப்படி, நூறு தடவை அப்படி. பனங்காட்டுல முளைக்குச்சியப் பிடுங்கறவன் என்ன பண்ணுவான்? இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டித்தானே பிடுங்குவான்? அதைத்தான் நான் தினமும் என் ஆக்சிலுக்குப் பண்ணிட்டிருந்தேன்.

2023 ஜூன். ஒரு ஞாயித்துக்கிழமை. கூட்டம் வர்றதுக்கு முன்னால குளிச்சிரலாம்னு விடியக்காலைல நானும் பொண்ணும் ஐந்தருவிக்குப் போனோம். அப்ப அவளுக்கு 13 வயசு. குளிச்சு, குளிர்ல பல்லு கிடுகிடுங்க ஒரு டீ, ரெண்டு பேரும் ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி. இறங்க ஆரம்பிச்சோம். ரோடு பூரா ஈரம், இலைச்சருகு. ரெண்டு பேருமே ஹெல்மெட் போடல. 'சின்ன வண்டிதானே' அப்படிங்கற நெனப்பு மட்டும் 250 வாட்லயே நின்னு போயிருந்துச்சு.

ஒரு வளைவுல பிரேக்க விட்டுட்டு லேசா ஆக்சிலேட்டர் கொடுத்தேன். 'கடக்'னு ஒரு சத்தம். அடுத்த நொடி பின் சக்கரத்த யாரோ பிடிச்சுக்கிட்ட மாதிரி இருந்துச்சு. வண்டி ஈரத்துல இழுத்துக்கிட்டே போய் இடது பக்கம் சாஞ்சுது. நான் ஒரு பக்கம், பொண்ணு ஒரு பக்கம்.

பின்னால ஒரு கேரளா வேன். அந்த டிரைவர் போட்ட பிரேக் சத்தம் இன்னும் காதுல இருக்கு. என் பொண்ணுக்கும் அந்த டயருக்கும் நடுவுல நாலடி இருந்திருக்கும். அவர் குதிச்சு இறங்கி ஓடி வந்து முதல்ல அவளத்தான் தூக்கினார். "மோளே, ஒண்ணும் இல்லல்லோ?" அவ முழங்கைல ரத்தம். முட்டில சிராய்ப்பு. அழல. என்னப் பாத்து, "அப்பா, வண்டிக்கு என்னாச்சு?"ன்னு கேட்டா. அது எனக்குத் திட்டு வாங்கினத விட மோசமா இருந்துச்சு.

கையில ஆறு தையல். வண்டி குட்டி யானைல ஏறி வீட்டுக்கு வந்துச்சு. தள்ளக்கூட முடியல, சக்கரம் அவ்வளவு இறுக்கம்.

எங்க அப்பா மின்வாரியத்துல வயர்மேனா இருந்து ரிட்டயர்டு ஆனவங்க. திண்ணைல உக்காந்திருந்தாங்க. "ஏட்டி, கையக் காட்டு"ன்னு பேத்தியக் கூப்பிட்டுக் கட்டைப் பாத்தாங்க. அவள உள்ள அனுப்பிட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை பேசாம ஸ்பேனர எடுத்துட்டு வந்து வண்டி பக்கத்துல உக்காந்தாங்க.

ஆக்சில் நட்டு கையாலயே கழண்டு வந்துச்சு. பள்ளம் வாய் பொளந்து வட்டமா ஆயிருந்துச்சு. அதுக்குள்ள ஆக்சில் ரெண்டு மூணு சுத்து சுத்தி, ஆக்சில் ஓட்டை வழியா வெளிய வர்ற வயரு எல்லாத்தையும் துணி பிழியற மாதிரி முறுக்கிப் பிச்சிருந்துச்சு. மூணு தடி வயரும் தோலு உரிஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. மோட்டாரோட மூணு வயரும் ஒண்ணு சேந்தா அந்த மோட்டார் தானே ஒரு பிரேக் ஆயிரும். நீங்க வேணும்னா சும்மா கழட்டி வச்ச மோட்டார்ல மூணு வயரையும் சேத்துப் பிடிச்சுச் சுத்திப் பாருங்க, பசையில சுத்தற மாதிரி இருக்கும். எங்களக் கீழ தள்ளினது அதுதான்.

அப்பறம் உக்காந்து போட்ட கணக்கு இது. அந்த மோட்டாரோட முறுக்கு விசை 80 நியூட்டன் மீட்டர்னு வச்சுக்குங்க. அதைப் பிடிச்சு நிக்க வேண்டிய ஆக்சிலோட தட்டை முகம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். அதாவது அந்த ரெண்டு ஓரத்துலயும் அரை டன்னுக்கு மேல அழுத்தம். அதை ஒரு சாதா தகடு பள்ளமும் ஒரு நட்டும் தாங்கணும். லேத் அண்ணாச்சி எந்தக் கணக்கும் போடாம, உருட்டிப் பாத்தே சொன்ன அந்த எட்டு எம்.எம். பிளேட்டுக்குப் பேரு டார்க் ஆர்ம். ஒரு முனை ஆக்சில இறுக்கப் பிடிச்சுக்கும், மறுமுனை ஃபிரேம்ல போல்ட் ஆகும். விலை சில நூறு ரூபா. நேரம் ரெண்டு நாள்.

அப்பா விடல. சீட்டக் கழட்டச் சொன்னாங்க. பேட்டரி பக்கத்துல நான் மெயின் சுவிட்சா மாட்டியிருந்தது வீட்டு கரன்ட்டுக்குப் போடற எம்.சி.பி.

"ஏலே, இது ஏசிக்கு உள்ளது. பேட்டரி டிசி. ஏசி செகண்டுக்கு நூறு தடவை செத்துச் செத்துப் பொழைக்கும். அது சாகற நேரத்துல இவன் அத்துவிட்டுருவான். டிசி சாகாதுலே. நீ அத்தாலும் அது நெருப்பா நின்னு பாலம் போட்டுக்கிடும். ஃபியூஸ் எங்க?"

ஃபியூஸ் இல்ல.

அப்பா ரொம்ப நேரம் பேசல. அப்பறம், "வேலூர்ல நடந்தது தெரியுமால?"ன்னு மட்டும் கேட்டாங்க. தெரியும். 2022 மார்ச்ல வேலூர்ல ராத்திரி வீட்டுல சார்ஜ் போட்ட எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடிச்சு, புகைல மூச்சுத் திணறி ஒரு அப்பாவும் மகளும் செத்துப் போனாங்க. நாடு பூரா பேப்பர்ல வந்த செய்தி. அந்த வருஷம் இப்படிப் பல தீ விபத்து நடந்த பிறகுதான் பேட்டரிக்கான பாதுகாப்பு விதிகள இறுக்கி, 2022 டிசம்பர்லயும் 2023 மார்ச் கடைசிலயுமா ரெண்டு கட்டமா அமலுக்குக் கொண்டு வந்தாங்க. நான் அந்தச் செய்தியப் படிச்ச அதே மாசம்தான் ஃபியூஸ் இல்லாத பேட்டரிய மாடிப்படிக்குக் கீழ சார்ஜ் போட்டுட்டு இருந்தேன். படிச்சது வேற யாருக்கோ நடந்ததுன்னு நெனச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.

இன்னொண்ணும் அன்னைக்கு ராத்திரிதான் உறைச்சுது. மோட்டார மாத்தின அன்னைக்கே அது 250 வாட் வண்டி இல்ல. சட்டப்படி முழு மோட்டார் வாகனம். ஆனா ஆர்.சி. கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது. அந்த வேன் டிரைவர் மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா அவர் பிரேக் ஒரு நொடி தாமதமாப் பிடிச்சிருந்தா, அவரு ஸ்டேஷன் ஸ்டேஷனா அலைஞ்சிருப்பாரு. அதுவே நான் ஒரு ஆள இடிச்சிருந்தா, அவங்க குடும்பத்துக்குக் கொடுக்க என்கிட்ட ஒரு பாலிசி காகிதம்கூட இல்ல. முன்னயே ஆர்.சி. இருக்கற வண்டியா இருந்தாலும், நம்ம இஷ்டத்துக்கு மோட்டாரயும் பேட்டரியயும் மாத்தினா மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல மாட்டுவோம். ஒரு மாத்தத்துக்கு 5000 ரூபா வரைக்கும் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் சொல்லுது 2019ல வந்த திருத்தம்.

அடுத்த வாரமே எல்லாத்தையும் கழட்டினேன். பழைய 250 வாட் மோட்டாரும், பழைய கன்ட்ரோலரும், கம்பெனி பேட்டரியும் திரும்ப ஏறிச்சு. இப்ப அந்த வண்டி அப்பாவோடது. ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் 20 ஸ்பீடுல போய்ட்டு வராங்க.

நான் 2024ல, முறையா ரெஜிஸ்டர் பண்ணின, நடுவுல மோட்டாரும் செயினும் உள்ள பெரிய பைக் ஒண்ணு வாங்கினேன். ஆமா, பவர் ஆசை போகல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா இந்தப் பவருக்கு ஏத்த பிரேக்கு, ஃபிரேம், வயர் எல்லாம் அவங்களே போட்டிருக்காங்க. ரெண்டு ஹெல்மெட்.

சரி, மெயின்டனன்ஸ் கிடையாதான்னு கேட்டீங்கல்ல? ஆயில் மாத்த வேண்டாம், பிளக் தொடைக்க வேண்டாம், அது உண்மை. ஆனா நம்ம ஊரு சாரல்ல இவ்வளவு இருக்கு:

முதல்ல தண்ணி. ஐ.பி. 67னு போட்டிருந்தா ஒரு மீட்டர் தண்ணில அரை மணி நேரம் முங்கினாத் தாங்கும்னு அர்த்தம். வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் பைப்ப வச்சு அடிச்சா தாங்கும்னு அர்த்தம் இல்ல. வாளியும் துணியும் போதும். தனியா எந்த வயர் போட்டாலும், கனெக்டருக்குள்ள போறதுக்கு முன்னால ஒரு வளைவு கீழ தொங்க விடுங்க. சாரல் தண்ணி அந்த வளைவுல சொட்டிரும், உள்ள போகாது. போஸ்ட் கம்பத்துல இருந்து வீட்டுக்கு வர்ற சர்வீஸ் வயர்ல அப்பா ஆயுசு பூரா பண்ணின வேலை இதுதானாம்.

செயின். சாரல் சீசன்ல லூப் ஒரு வாரத்துல கழுவிப் போயிரும். தொடைச்சு, போட்டு, தொய்வு பாக்கணும். எலக்ட்ரிக் மோட்டார் எடுத்த எடுப்புலயே முழு இழுப்பக் கொடுக்கறதால, தொய்வு இருந்தா செயின் வெடுக்குனு அடி வாங்கும்.

சார்ஜ். ஓட்டிட்டு வந்த சூட்டோட போடறதில்ல, அரை மணி ஆற விடறேன். ராத்திரி தூங்கும்போது போடறதில்ல. மாடிப்படிக்குக் கீழ, வாசல மறிச்சு, கண்டிப்பா இல்ல. மலை மேல தங்கறவங்க அங்கயே ஃபுல் சார்ஜ் போட்டு இறங்காதீங்க. நிறைஞ்ச பேட்டரி ரீஜென் கரன்ட்ட வாங்கிக்காது, எப்பவும் இழுத்துப் பிடிக்கற வண்டி அன்னைக்கு மட்டும் நழுவற மாதிரி இருக்கும்.

காத்து. ஆனி ஆடில செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்துதான் சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காத்தாலைய எல்லாம் சுத்த வைக்குது. அதே காத்து உங்க நெஞ்சுல அடிக்கும். 50ல போறப்ப எதிர்க்காத்து 20 இருந்தா காத்தோட தடை ரெண்டு மடங்கு. செங்கோட்டை போறப்ப மீட்டர் காட்டற ரேஞ்ச நம்பாதீங்க. திரும்பறப்ப தள்ளிக்கிட்டு வரும், அப்ப நம்பலாம் :-)

கஸ்டமைஸ் பண்றதே இல்லயான்னா, பண்றேன். மட்கார்டுக்கு நீள ரப்பர், கைப்பிடிக்கு மழை உறை, தங்கமணிக்காக சேலை கார்டு, ஒரு பக்கப் பெட்டி. எல்லாம் லேத் அண்ணாச்சி பட்டறைலதான். அவர் ரெண்டு நாள்னு சொன்னா, நான் மூணாவது நாள் போறேன்.

எனக்குத் தெரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதான். பவரக் கூட்டறது சுலபம், ரெண்டு வயர மாத்தினாப் போதும். ஆனா கூட்டின ஒவ்வொரு வாட்டையும் எங்கயாவது ஒரு நட்டோ, பிரேக் ஷூவோ, ஃபியூஸோ பிடிச்சு நிக்கணும். அது எதுன்னு தெரியாம கூட்டினா, கடைசில அதைப் பிடிச்சு நிக்கறது பின்னால உக்காந்திருக்கற புள்ளையோட கை.

மாசத்துல முதல் ஞாயிறு பைக்ல முக்கியமான நட்டு எல்லாத்துக்கும் குறுக்க ஒரு கோடு போடறோம். பாதி கோடு நட்டு மேல, பாதி ஃபிரேம் மேல. நட்டு கொஞ்சம் நகந்தாலும் கோடு உடைஞ்சு காட்டிக் கொடுத்துரும். கோடு போடறதும் பாக்கறதும் பொண்ணோட வேலை. அவளோட நெயில் பாலிஷ்தான் பெயின்ட். போன வாரம் ஐந்தருவி கிளம்பறதுக்கு முன்னால குனிஞ்சு பின்னால போய்ப் பாத்துட்டு, "சரி, போலாம்"னு சொன்னதுக்கு அப்பறம்தான் ஏறினா.

உங்க ஊர்ல எலக்ட்ரிக் வண்டி வச்சிருக்கற மக்கள் இருந்தா, உங்க அனுபவத்தையும் எழுதுங்க. முக்கியமா யாராவது மோட்டார மாத்தப் போறேன்னு மொட்டை மாடிக்கு ஏறினா, தயவுசெஞ்சு இந்தப் பதிவ அவங்ககிட்ட காட்டுங்க.

பி.கு.: தண்ணி விழுதான்னு கேட்டவங்களுக்கு: விழுது, வாங்க. சைரன் ஊதினா உடனே வெளிய வந்துருங்க. 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர்னு வந்த வெள்ளம் ஒரு பையனக் கொண்டுக்கிட்டுப் போச்சு. அருவிக்கு பிரேக் கிடையாது.